ரிமோட்டில் ஓடும் சிறிய ஆர்.சி. படகு முழு வேகத்தில் துள்ளுகிறது, திருப்பினால் கவிழ்கிறது. மோட்டாரை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

தாராளமாக முடியும். மோட்டாரையும் பேட்டரியையும் இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். அரை மீட்டருக்கும் குறைவான, வி வடிவ அடி கொண்ட படகுகளில் துள்ளலுக்கும் கவிழ்வதற்கும் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: எடை தவறான இடத்தில் இருக்கும், அல்லது அடிப்பாகத்தின் பின்முனை மழுங்கியிருக்கும். என்னிடம் இருப்பதும் 46 செ.மீ. படகுதான். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சாதாரண பிரஷ் மோட்டார். வாங்கிய புதிதில் நேராகப் போகும்போதே மூக்கை ஆட்டிக்கொண்டு போகும். இன்று அதே மோட்டாரோடு வேகத்தைக் குறைக்காமல் வளைகிறது.

முதலில் எடையைப் பாருங்கள். பேட்டரியை வைத்து, மூடியையும் போட்டு, இரண்டு ஓரங்களின் அடியிலும் ஒரு விரல் கொடுத்துத் தூக்குங்கள். படகு சமமாக நிற்கும் இடம், பின்பக்கச் சுவரிலிருந்து நீளத்தில் 30 சதவீத தூரத்தில் இருக்க வேண்டும். 46 செ.மீ. படகுக்கு ஏறத்தாழ 14 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுக்கானையும் ப்ரொப்பெல்லரையும் நீளக் கணக்கில் சேர்க்காதீர்கள். எடை அதற்கும் பின்னால் போனால் மூக்கு லேசாகி, சின்ன அலையில் ஏறினாலும் காற்று படகின் அடியில் புகுந்து படகைப் புரட்டிவிடும். ரொம்ப முன்னால் வந்தாலும் ஆபத்துதான்: திருப்பும்போது மூக்கு தண்ணீரில் குத்தி, பின்பக்கம் சுழன்று வந்துவிடும். பேட்டரியை வெல்க்ரோவில் ஒட்டி, ஒரு தடவைக்கு அரை செ.மீ. மட்டும் நகர்த்திப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது பலரும் கண்டுகொள்ளாத விஷயம். படகைக் கவிழ்த்து, அடிப்பாகம் பின்சுவரைச் சந்திக்கும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் படகுகளில் அது வழவழவென்று உருண்டிருக்கும். குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகைப் பிடித்தால் தண்ணீர் அதோடு ஒட்டிக்கொண்டு வளையும் இல்லையா, இங்கேயும் அதேதான் நடக்கிறது. உருண்ட விளிம்பைச் சுற்றி ஏறப் பார்க்கும் தண்ணீர் பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது, மூக்கு தூக்குகிறது, பிறகு விழுகிறது. துள்ளலின் பெரும்பங்கு இதுதான். விளிம்பு கூர்மையாக இருந்தால் தண்ணீர் அந்த இடத்திலேயே அறுந்து விலகிவிடும்.

இதைச் சரிசெய்ய அரால்டைட் எபாக்சி பசையும் செலோ டேப்பும் போதும். விளிம்பை ஒட்டி இரண்டு செ.மீ. அகலத்துக்கு 220 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். டேப்பைப் பின்சுவரில் ஒட்டும்போது, கவிழ்த்து வைத்த படகின் விளிம்புக்கு மேலே நாலைந்து மி.மீ. சின்னச் சுவர் மாதிரி நிற்கட்டும். அடிப்பாகம் வி வடிவம் என்பதால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஒரு பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி படகைச் சாய்த்து முட்டுக்கொடுத்து, டேப்புக்கும் உருண்ட விளிம்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அரால்டைட்டை ஊற்றுங்கள். மெதுவாக இறுகும் வகையே நல்லது, தானாகப் பரவி மட்டமாகும். மறுநாள் அடுத்த பக்கம். நன்றாக இறுகிய பிறகு டேப்பை உரித்து, தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். ஸ்டீல் ஸ்கேலை அடிப்பாகத்தில் நீளவாக்கில் வைத்தால் கடைசிப் பத்து செ.மீ.யில் இடுக்கு வழியே வெளிச்சம் தெரியக் கூடாது. நகத்தை வைத்து இழுத்தால் விளிம்பில் சட்டென்று மாட்ட வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் எந்த விலை கொடுத்து வாங்கும் உதிரிபாகமும் இவ்வளவு மாற்றத்தைத் தராது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் சாய்வு. ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் படகின் உடல் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றினால் படகின் வலது பக்கம் அமுங்கும். பின்சுவரில் ட்ரிம் டேப் எனப்படும் சின்னத் தகடுகள் இருந்தால் அமுங்கும் பக்கத்துத் தகட்டைத் துளியூண்டு கீழே வளையுங்கள். ஒரு மி.மீ. கூட அதிகம்தான். தகடு இல்லையென்றால் பேட்டரியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கினாலும் போதும்.

சுக்கானைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. கம்பி இணைப்பின் துளைகளை இறுக்கமாக்குங்கள். ரிமோட்டில் திருப்பும் அளவைக் குறைக்க வசதி இருந்தால் குறைத்துவிடுங்கள், முழு வேகத்தில் சுக்கான் முழுதாகத் திரும்பத் தேவையில்லை.

பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லரில் அச்சுப் பிசிறு இருந்தால் தேய்த்து எடுங்கள். உலோக ப்ரொப்பெல்லர் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் சில வகைகள் பெரிலியம் கலந்த செம்பு. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கடும் கேடு. உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள், தண்ணீரில் நனைத்து முகக்கவசத்தோடு மட்டும் செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

மூன்று செல் பேட்டரி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 7.4 வோல்ட் 11.1 ஆகும், மின்னோட்டமும் கூடும். சின்ன பிரஷ் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் அதைத் தாங்குவது கடினம். அவை மூன்று செல்லுக்கு என்று குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டும் போடுங்கள். மூக்குப் பகுதியில் நுரை அடைத்துவிடுங்கள், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும். நின்றுபோன படகை எடுக்க ஏரியில் இறங்காதீர்கள், தூண்டில் நூலில் பந்து கட்டி வீசி இழுக்கலாம்.

உங்கள் படகு எந்தப் பக்கம் சாய்கிறது, ப்ரொப்பெல்லர் எப்படிச் சுற்றுகிறது என்று கருத்தில் எழுதுங்கள். எந்தத் தகட்டை வளைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.