ஆடு வளர்க்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தால்...
(சட்டம்: வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில், அண்மையில் நகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராட்சிப் பகுதியில் வசிக்கிறேன். கணவர் இறந்த பிறகு, அரசின் விலையில்லா ஆடுகள் திட்டத்தில் கிடைத்த நான்கு வெள்ளாடுகளை வைத்துப் பிழைப்பைத் தொடங்கினேன். இப்போது கிடாய், குட்டிகள் எல்லாம் சேர்த்துப் பதினான்கு உருப்படிகள் உள்ளன. பின்பக்க மனையை வாங்கி வீடு கட்டியவர், நாற்றம் தாங்க முடியவில்லை என்று புகார் கொடுத்தார். காவல் நிலையத்தில், ஆடுகளை விற்றுவிடுவதாக என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது நகராட்சியிலிருந்து, ஏழு நாட்களுக்குள் அகற்றாவிட்டால் ஆடுகளைப் பறிமுதல் செய்வோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் குடிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நான் ஆடு வளர்க்கிறேன். எனக்குச் சட்டத்தில் இடம் உண்டா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இடம் உண்டு. ஆனால், அந்த ஏழு நாட்களைச் சும்மா கழியவிட்டால் அந்த இடம் குறுகிவிடும். ஆகவே நோட்டீசுக்கு இன்றே எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இந்த நோட்டீஸ் அனுப்பப்பட்டது, யார் எப்போது வந்து இடத்தைப் பார்வையிட்டார்கள், அவர்கள் எழுதிய அறிக்கையின் நகல் எங்கே என்ற மூன்றையும் அந்தப் பதிலில் கேளுங்கள். நேரில் விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும், உரிமம் தேவையென்றால் விண்ணப்பிக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். பதிலை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, இன்னொரு நகலை அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். புகார் மனுவும் ஆய்வறிக்கையும் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஊராட்சியாக இருந்தவரை உங்களை யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம். நகர எல்லைக்குள் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை முறைப்படுத்தவென்றே 1997-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெற்று வளர்க்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதுபோக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படி சுகாதாரக் கேட்டைத் தடுக்கும் பொறுப்பும் நகராட்சிக்கு இருக்கிறது. எனவே ‘என் வீடு, என் ஆடு’ என்ற வாதம் மட்டும் எடுபடாது. அதே நேரத்தில், உங்கள் தரப்பைக் கேட்காமல், பிரிவைக்கூடக் காட்டாமல் ஒரு வண்டியைக் கொண்டுவந்து ஆடுகளை ஏற்றிச் செல்லும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லை. அப்படி முயன்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) கோரலாம். ஓர் அரசுத் துறை ஆடு கொடுத்து வாழச் சொல்கிறது, இன்னொரு துறை அதே ஆட்டுக்கு நோட்டீஸ் ஒட்டுகிறது என்ற வேடிக்கையையும் மனுவில் தாராளமாகக் குறிப்பிடலாம். திட்டத்தில் ஆடு பெற்றதற்கான ஆவணம் இருந்தால் இணைத்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றி மிகவும் அஞ்ச வேண்டியதில்லை. பொதுத் தொல்லை என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 292-ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றம். இது, காவல் துறை வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் விசாரணையே தொடங்க முடியாத வகையைச் சேர்ந்தது. நிலையத்தில் வாங்கப்பட்ட கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது. இருந்தாலும், நாளை எதிர்த்தரப்பு அதைச் சான்றாக நீட்டக்கூடும் என்பதால், எந்தச் சூழ்நிலையில் அதில் கையெழுத்திட்டீர்கள் என்பதை விளக்கிக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் வாதம்: ‘நான்தான் முதலில் வந்தேன்.’ இது நியாயமாகத் தோன்றினாலும் சட்டத்தில் வலுவற்றது. தொல்லை இருந்த இடத்துக்கு அருகில் பிறகு குடிவந்தவரும் வழக்குத் தொடரலாம் என்பது 1879-இல் இங்கிலாந்தில் ஒரு மிட்டாய்க்காரருக்கும் மருத்துவருக்கும் நடந்த வழக்கிலேயே தீர்மானிக்கப்பட்டது; நம் நீதிமன்றங்களும் அந்த வழியைப் பின்பற்றுகின்றன. ஆனால் அந்த வட்டாரம் எத்தகையது, அங்கே ஆடு மாடு வளர்ப்பது வழக்கமா என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே தெருவில் வேறு யார் யார் ஆடு வளர்க்கிறார்கள் என்பதையும், எத்தனை ஆண்டுகளாக வளர்க்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

இவையெல்லாம் காகிதத்தில் செய்ய வேண்டியவை. கொட்டகையில் செய்ய வேண்டியதுதான் வழக்கை உண்மையில் தீர்க்கும். ஆட்டுப் புழுக்கை காய்ந்து கிடந்தால் பெரிதாக நாறாது. மூத்திரம் மண்ணில் ஊறி, அதன்மேல் புழுக்கையும் தின்றது போக மிஞ்சிய தழையும் சேர்ந்து மிதிபடும்போதுதான் கண்ணை எரிக்கும் நெடி கிளம்புகிறது. மரச்சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்டு உயர்த்திக் கட்டிய பரண்மேல் ஆடுகளை அடைத்தால், கீழே விழுவதை அன்றாடம் கூட்டி எடுத்துவிடலாம். வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியாவது வேண்டும். கிடாயின் வாடை தனி ரகம். இனச்சேர்க்கைப் பருவத்தில் அதை எந்தச் சுத்தமும் மறைக்காது. ஒரே ஒரு கிடாய்தான் என்றால் அதைத் தோட்டத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் விடுங்கள், அல்லது புகார் கொடுத்தவரின் சுவரிலிருந்து தள்ளி, எதிர்ப்பக்கத்தில் மாற்றிக் கட்டுங்கள். கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டதற்கும் குடற்புழு நீக்கம் செய்ததற்கும் சான்று வாங்கி வையுங்கள். நகராட்சி அலுவலர் மறுபடி வரும்போது இந்தச் சான்றுகளும் உலர்ந்த தரையும் உங்களுக்காகப் பேசும்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் நோட்டீசைக் காட்டி விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நான் எதிர்த்தரப்பு. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி இருபது ஆடுகளை அடைக்கிறார். மூத்திரம் எங்கள் கிணற்றுப் பக்கம் வடிகிறது. பலமுறை மனுக் கொடுத்தும் நகராட்சியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என்ன வழி?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பாதிப்பு உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டுமா, தெருவுக்கா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள், தட்ட வேண்டிய கதவு அதைப் பொறுத்தே அமையும். தெருவுக்கே என்றால், நான்கைந்து குடும்பத்தினர் சேர்ந்து கையெழுத்திட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. ஆடு வளர்ப்பவர் ஆட்சேபித்தால் சாட்சியம் பதிவு செய்து 90 நாட்களில், மிஞ்சினால் 120 நாட்களில் விசாரணையை முடிக்க வேண்டும். உங்கள் ஒருவருக்கு மட்டுமே என்றால் இந்தப் பிரிவு உதவாது. உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கோரி வழக்குத் தொடர வேண்டும். தனிச் சண்டையைப் பொதுத் தொல்லை என்று ஜோடித்துக் கோட்டாட்சியரிடம் போய்த் தோற்றுத் திரும்பியவர்கள் ஏராளம்.

எந்தக் கதவானாலும், ‘நாறுகிறது’ என்ற ஒரு சொல் போதாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். மூத்திரம் வடியும் பாதையைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். நகராட்சி அசையாததற்குப் பணமில்லை, ஆளில்லை என்று காரணம் சொன்னால், அது செல்லாது என்று 1980-இல் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார். வழக்குக்குப் போகும் முன், சமரசம் செய்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தையும் (லோக் அதாலத்) ஒரு முறை முயன்று பாருங்கள். கொட்டகையைச் சுவரிலிருந்து இத்தனை அடி தள்ளுவது, தரையைச் சிமெண்டு பூசி வாய்க்கால் விடுவது என்று அங்கே எழுதப்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஆத்திரத்தில் ஆட்டுக்கு எதையாவது வைத்துவிட வேண்டாம்: விலங்கை நஞ்சிட்டுக் கொல்வதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

கேள்வி: என் ஆடு பக்கத்து வயலில் இறங்கி உளுந்தை மேய்ந்துவிட்டது. வயல்காரர் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு, மூவாயிரம் கொடுத்தால்தான் அவிழ்ப்பேன் என்கிறார். இது சரியா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பிடித்தது சரி; கட்டிவைத்துப் பேரம் பேசுவது தவறு. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் யானை முதல் ஆட்டுக்குட்டி வரை எல்லாவற்றையும் கால்நடை என்கிறது. பயிரை மேயும் கால்நடையைப் பிடிக்க வயல்காரருக்கு உரிமை உண்டு; ஆனால் 24 மணி நேரத்துக்குள் அதைப் பவுண்டுக்கு (பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பட்டிக்கு) அனுப்பிவிட வேண்டும். ஊரில் பவுண்டு இல்லை என்பதால் அவர் வீட்டுத் திண்ணை பவுண்டாகிவிடாது. முறைகேடாகப் பிடித்துவைத்திருந்தால், பிடித்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் நடுவரிடம் முறையிட வேண்டும். அதற்காக, ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்து வந்துவிடாதீர்கள். முறைப்படி பிடிக்கப்பட்ட கால்நடையை வலுவில் மீட்பதும் அதே சட்டத்தில் தண்டனைக்குரியது. உளுந்துச் சேதத்துக்குத் தனியே இழப்பீடு கேட்கும் உரிமை வயல்காரருக்கு இருப்பதால், கிராம நிர்வாக அலுவலரை வைத்துச் சேதத்தைப் பார்வையிடச் செய்து, நியாயமான தொகையைக் கொடுத்து, ரசீது எழுதி வாங்கிக்கொண்டு ஆட்டை ஓட்டி வாருங்கள்.