தக்கலை வீட்டு சோலார் வெந்நீர்: பிரஷர் பம்ப் வைத்த பிறகு சூடு போனது ஏன்?

கோளாறு சோலாரில் இல்லை, குளியலறை மிக்சரில் (வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாய்). மதியம் மாடித் தொட்டி கொதிக்கிறது, பிரஷர் பம்ப் வைத்த பிறகுதான் கீழே வெதுவெதுப்பாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது.

பத்தடி உயரத் தொட்டியிலிருந்து வெந்நீருக்குக் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). பம்ப் தள்ளும் பச்சைத்தண்ணீரோ 1.5, 2 பார் வரும். மிக்சரின் இரண்டு திருகையும் திறந்துவிட்டு கை ஷவரின் பட்டனை விட்டு அங்கே மட்டும் தண்ணீரை நிறுத்தினால் (எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்) பச்சைத்தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி தொட்டிவரைக்கும் போய்விடும்.

சோதிக்க, சாயங்காலம் குளியலறையின் பச்சைத்தண்ணீர் வால்வை அடைத்துவிட்டு வெந்நீரை மட்டும் திறங்கள். முதல் வாளி ஆறிப்போய் வரலாம், அப்புறம் நல்ல சூடு வந்தால் இதேதான். பம்ப் ஓடும்போது மாடித் தொட்டியின் ஏர் வென்ட் குழாய் (காற்றும் ஆவியும் வெளியேறும் குழாய்) சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு மிக்சருக்கும் முன்னால் வெந்நீர் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு, போடுங்கள். ஸ்பிரிங் வைத்தது வேண்டாம், இந்தக் குறைந்த அழுத்தத்துக்குச் சரியாகத் திறக்காது, உள்ளே கதவு போல ஆடித் திறக்கும் ஸ்விங் வகை கேளுங்கள்.

வென்ட் சொட்டுகிறதே என்று அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தொட்டி வெடிக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் சோதனையை வெயில் அடித்த நாளில் வையுங்கள்.