சிங்கப்பூர் வீழ்ச்சிக்கு ஜெனரல் பேர்சிவல்தான் காரணமா?

1942 இல் சிங்கப்பூரை யப்பானியரிடம் கையளித்துச் சரணடைந்த பிரித்தானியத் தளபதி அவர். முழுப் பழியையும் அந்த ஒரு மனுசன் தலையில் கட்டுவது அநியாயம். அவர் பிழையே விடவில்லை என்று சொல்ல வரவில்லை, விட்டார்தான். ஆனால் அவர் விட்ட பிழை வேறு, உலகம் அவரைத் திட்டுகிற காரணம் வேறு.

யாழ்ப்பாணத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. மலாயா றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1942 இல் சிங்கப்பூர் விழுந்ததும் காசும் கடிதமும் நின்றுபோய், போனவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் சண்டை முடியும்வரை காத்துக்கிடந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கோபத்தில்தான் மலாயன் பென்சனியர்மார், அதாவது மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள், கதைப்பார்கள்: ‘பேர்சிவல் ஒரு கோழை, பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்தே நின்றது’ என்று. பீரங்கிக் கதை சரியில்லை. பெரும்பாலானவற்றைத் தரைப்பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுட்டும் இருக்கிறார்கள். ஆனால் இருந்த குண்டுகளில் அதிகம் கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை, பரவி வரும் காலாட்படைக்கு அவை சரிவராது.

கோழை என்பதும் பொருந்தாது. முதலாம் உலகப் போரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து வீரப் பதக்கங்கள் வாங்கியவர். 1937 இல் மலாயாவில் பணியில் இருந்தபோதே, யப்பான்காரன் தெற்குத் தாய்லாந்திலும் மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவிலும் இறங்கித் தரைவழியாகத் தெற்கே வருவான் என்று அறிக்கை எழுதினார். 1941 டிசம்பர் 8 அப்படியே நடந்தது. அப்போது அவரே அங்கே தளபதி, கையில் ஒரு யுத்த தாங்கிகூட இல்லை. எதிரியிடம் கிட்டத்தட்ட 200. குறைந்தது 336 விமானமாவது வேண்டும் என்று லண்டனே ஒத்துக்கொண்டிருந்தது, ஆனால் இருந்தவை 158 அளவில்தான், அதிலும் பல பழசு. மிச்சமெல்லாம் மத்திய கிழக்குக்கும் ரஷ்யாவுக்கும் போயின. அனுப்பிய இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் டிசம்பர் 10 அன்று மூழ்கிவிட்டன. இதில் பேர்சிவல் என்ன செய்திருக்க முடியும்?

சரி, அவருடைய பிழைக்கு வருகிறேன். தலைமைப் பொறியியலாளர் சிம்சன் டிசம்பர் கடைசியில் ஒரு இரவு அவரிடம் போய், சிங்கப்பூர்த் தீவின் வடகரையில் கம்பிவேலியும் கண்ணிவெடியும் போட விடுங்கள், சாமான் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று மன்றாடினார். பேர்சிவல் மறுத்துவிட்டார். அப்படிச் செய்தால் படையினரும் சனமும் மனம் தளர்ந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம் என்று சிம்சன் பிற்பாடு எழுதினார். எனக்கு இதை மன்னிக்கவே முடியவில்லை! நாலு வருசத்துக்கு முன்னம் எதிரி வரும் வழியைத் தானே எழுதிவைத்த ஆள், அவன் வாசலுக்கு வந்தபிறகு கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறுத்தால் என்ன சொல்வது? பெப்ரவரி 8 இரவு யப்பானியர் கடந்தது வடமேற்குக் கரையை. பேர்சிவல் எதிர்பார்த்தது வடகிழக்கை. வடமேற்கில் அவுஸ்திரேலியப் படை நீண்ட கரையில் ஐதாகத்தான் நின்றது.

ஆனால் ஆட்கள் திட்டுவது பெப்ரவரி 15 சரணடைவுக்காக. யப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் 30,000 பேரளவில்தான் இருந்தார்கள், குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பார்கள். அது பேர்சிவலுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நீர்த்தேக்கங்கள் எதிரி பக்கம் போய்விட்டன, குண்டு விழுந்து உடைந்த குழாய்களில் தண்ணீர் வீணாக ஓடுகிறது, நகரத்துக்குள் லட்சக்கணக்கில் சனம் அடைபட்டுக் கிடக்கிறது என்பதுதான். படையையும் சனத்தையும் பார்க்காமல் கடைசிவரை சண்டை பிடிக்கச் சொன்னவர் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில். அந்தச் சொல்லைக் கேட்டு வீதி வீதியாகச் சண்டை பிடித்திருந்தால் செத்திருப்பது எங்கள் ஆட்களும் சீனரும் மலாய்க்காரரும்தான். அந்த நேரத்தில் அவர் எடுத்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவருடைய நீண்ட பல்லையும் ஒல்லி உடம்பையும் வைத்துக் கேலி செய்கிறார்களே, அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. பிலிப்பைன்சில் சரணடைந்த அமெரிக்க ஜெனரல் வெயின்ரைட்டையும் பாருங்கள். 1945 செப்டெம்பர் 2 மிசூரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் யப்பான் சரணடைவுக்குக் கையெழுத்துப் போட்டபோது அமெரிக்கத் தளபதி மக்ஆர்தருக்குப் பின்னால் நின்றவர்கள் இந்த இரண்டு பேரும்தான், இரண்டு பேரும் சிறையில் கிடந்து எலும்பும் தோலுமாக வந்தவர்கள். வெயின்ரைட்டுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பேர்சிவலுக்கு அந்தத் தர அதிகாரிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ‘சேர்’ பட்டத்தைக்கூட பிரித்தானியா கொடுக்கவில்லை. ஆனால் யப்பானியரிடம் கைதிகளாக இருந்த பழைய படையினர் தங்கள் சங்கத்துக்கு அவரைத் தலைவராக வைத்திருந்தார்கள், அவர்களுடைய நட்டஈட்டுக்காக அவரும் பாடுபட்டார்.