துணியில் ஓவியம் என்கிறாள் மகள், ஃபேஷன் டிசைனிங்கில் சேர்த்துவிடலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, காமர்ஸ் குரூப். பழைய புடவைகளைக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்துச் சுவரில் மாட்டுகிறாள், உடுத்திக்கொள்ள ஒரு ஜாக்கெட்கூடத் தைத்ததில்லை. ஆர்ட்டிஸ்ட் ஆகப் போகிறேன் என்கிறாளாம். அப்பாவோ, தையலுக்கு நாலு வருஷம் காலேஜா என்கிறார். ஃபேஷன் டிசைனிங்கில் போட்டுவிட்டால் இருவருக்கும் சமாதானமாகிவிடாதா என்பது அம்மாவின் கேள்வி.

ஆகாது அம்மா. ஃபேஷன் டிசைனிங் உடம்புக்கான வேலை. அளவு, சீசன், விலை, ஆர்டர் என்று ஓடும். உங்கள் மகள் துணியை வைத்துச் செய்வது ஓவியமும் சிற்பமும். இரண்டுக்கும் கத்தரிக்கோல் வேண்டும், ஒற்றுமை அநேகமாக அத்தோடு சரி. உடுத்த முடியாததையே விடாமல் தைக்கிற பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டால் இரண்டாம் வருஷமே வீட்டில் சண்டை வரும், அதுவும் பெரிய ஃபீஸைக் கட்டிவிட்ட பிறகு.

இப்படி ஒரு தொழில் நிஜமாகவே உண்டா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். மிருணாளினி முகர்ஜி (1949–2015) என்று ஒருவர் இருந்தார். தறி இல்லாமல், வரைபடம் போட்டுக்கொள்ளாமல், சாயமேற்றிய சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலே சிற்பங்கள் செய்தார், கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகவே. இது கைவினைதானே, கலை எங்கே என்று பலகாலம் ஒதுக்கினார்கள். அவர் இறந்த பிறகு 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பரோடாவில் அவர் முதலில் படித்தது ஓவியம், பிறகு சுவரோவியம். பாரிஸில் வாழும் ஷீலா ஹிக்ஸ், நூலைக் கொண்டு பெரிய பெரிய படைப்புகள் செய்பவர், அவரும் படித்தது ஓவியம்தான். அதனால் 'துணி' என்று பெயர் போட்ட கோர்ஸையே தேடி அலைய வேண்டாம்.

பக்கத்தில் கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றும் உண்டு, நாலு வருஷப் படிப்பு. ஜவுளி வடிவமைப்பே வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் 1850இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டிலும் டெக்ஸ்டைல் டிசைன் உண்டு, ஆனால் அது அகில இந்திய நுழைவுத்தேர்வு, செலவும் அதிகம். என்னைக் கேட்டால் கும்பகோணம் ஓவியம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

கும்பகோணத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அவள் தேடுகிற பாடத்தில் பாதி அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான கலம்காரி, அதாவது இயற்கைச் சாயத்தால் துணியில் போடும் ஓவியம், இன்னும் வரைகிறார்கள், இந்தக் கலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து ஊறவைப்பது, பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பது, படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிப்பது, இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் ஒரு பக்கம், கூடவே உட்கார்ந்து பார்த்தால் ஒரு வருஷம். அப்புறம் தேரில் தொங்கவிடும் தேர்ச்சீலை, குழாய் வடிவத் துணித் தொங்கலான தொம்பை. வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பதுதானே அதுவும், உங்கள் மகள் செய்வது அதன் பேத்தி மாதிரி. திருபுவனத்தில் பட்டுத்தறி. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன், அவர்களிடம் கற்றுக்கொண்டால் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளட்டும். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவந்து அந்த டிசைனைத் தன் பெயரில் போடுவது கலை கிடையாது.

சரி, வருமானம். படைப்பை விற்று மட்டும் பிழைப்பது ஆரம்ப வருஷங்களில் அநேகமாக யாருக்கும் நடப்பதில்லை, விற்றாலும் கேலரி பாதிவரை கமிஷன் எடுக்கும். 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கிய ஓவியர்களே பாத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றுவது) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், ஓவியம் வரைய நேரத்தையும் சம்பாதித்துக்கொண்டார்கள். அதனால் படிக்கும்போதே சோறு போடுகிற ஒரு வேலையும் கைவசம் இருக்கட்டும். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பது, கைத்தறி நிறுவனங்களுக்கு டிசைன் போடுவது, சினிமா அல்லது நாடக அரங்க அமைப்பு, எதுவானாலும் சரி. காமர்ஸ் படித்த பிள்ளை என்பதால் பில் போடவும் கணக்கு வைக்கவும் தெரியும், பல கலைஞர்களுக்கு இல்லாத வரம் அது. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரையுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருஷ உதவித்தொகை கொடுக்கிறது, அதையும் குறித்து வையுங்கள்.

இவ்வளவு எழுதிய நீங்கள் அவளுக்கு வரைய வருமா என்று எழுதவே இல்லை. கல்லூரியில் சேர்வதற்கான தேர்வில் ஊசி நூல் கிடையாது, பென்சில்தான். இன்றிலிருந்து தினமும் ஒரு பக்கம் வரையட்டும், வீட்டுப் பாத்திரம், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், கொடியில் காயும் வேட்டியின் மடிப்பு என்று எதை வேண்டுமானாலும். இதுவரை தைத்ததையெல்லாம் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைக்கட்டும், சொதப்பினதையும் சேர்த்து. தேர்வு முடியும்வரை தையல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும்.