வாசகர் கேள்வி – பதில்: மலை நூலகங்கள்

ஊட்டி நீலகிரி நூலகத்தைப் பார்த்தால் தேவாலயம் போல இருக்கிறதே, ஏன்?
– வாசகி, கோத்தகிரி

ஐரோப்பியத் தேவாலயங்களில் காணும், கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணிதான் காரணம். நூலகம் 1859-ல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1860-களின் பிற்பகுதியில் எழுந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிசோம். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் குவிமாடங்களோடு, இந்திய-இஸ்லாமிய மரபும் ஐரோப்பிய மரபும் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுப்பியவரும் அவரே. ஊட்டியில் கூர்வளைவுகளைத் தேர்ந்தார். வாசிப்புக் கூடத்தின் உயரமும் பெரிய ஜன்னலும் வெறும் அழகுக்கென்று நினைக்க வேண்டாம். மின்விளக்கு இல்லாத காலம் அது. மஞ்சு மூடிய பகலில் அறையின் உள்கோடி வரை வெளிச்சம் எட்ட வேண்டுமென்றால் கண்ணாடி உயரத்தில் இருந்தாக வேண்டும்.

சொத்து வரியோடு கட்டும் நூலக வரி அந்த நூலகத்துக்கா போகிறது?
– வாசகர், உதகை

இல்லை, நீலகிரி நூலகம் உறுப்பினர் சந்தாவில் நடப்பது. 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர்கிறது. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடப்பது அதில்தான்.

எங்கள் படிப்பகத்துப் புத்தகங்களில் பூசணம் பூக்கிறது. அந்துருண்டை போட்டும் நிற்கவில்லையே?
– வாசகர், குன்னூர்

அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு ஆகாது. வாசிக்க வருகிறவர்களின் மூச்சுக்கும் கெடுதல், எடுத்துவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூசணம் வரும். ஈரப்பதத்தை அளந்து காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள்.

பெரும்பாலும் தவறு அலமாரி நிற்கும் இடத்தில்தான். வெளிச்சுவர் குளிர்ந்து கிடக்கும். உள்ளறையின் ஈரக்காற்று அதில் பட்டு நீராகும். சுவரை ஒட்டிய புத்தகங்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். அலமாரியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். முடியாவிட்டால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். புத்தகங்களை நெருக்கித் திணிக்கக் கூடாது. இடையே காற்று புக வேண்டும்.

பூத்த புத்தகங்களை ஈரத்துணியால் துடைத்தால் பூசணம் தாளுக்குள் அப்பிவிடும். தனியாக எடுத்து, வெயில் நேராகப் படாத தாழ்வாரத்தில் விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பூசணம் பொடியாக உதிரும் பதம் வந்ததும் என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கடும் வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும்.

மஞ்சு இறங்கும்போது ஜன்னலைச் சாத்தி, வறண்ட நண்பகலில் திறந்து வையுங்கள். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அலமாரி வேலையை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.