சின்ன உதவியும் ஒரு நன்றியும் அடுத்தவர் வாழ்க்கையில் என்ன மாற்றத்தைத் தந்துவிடும்?

நிறையத் தரும். எங்கள் குளச்சல் பக்கம் மீன் விற்கும் அக்காமார் தலைச்சுமையாகத்தான் வருவார்கள். பாரக் கூடையைத் தனியாக இறக்க முடியாது, யாராவது ஒரு கை பிடிக்க வேண்டும். ஒருநாள் அப்படி இறக்கிவிட்டு, "நேத்து தந்த சாளை நல்ல ருசி அக்கா, ரொம்ப நன்றி" என்றேன். சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இத்தன வருசத்துல இத வந்து சொன்ன ஆளு நீதான் மக்களே" என்றார்.

நாம் ஏன் சொல்லாமல் விடுகிறோம்? கூச்சம்தான். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் சிலரை நன்றிக் கடிதம் எழுதவைத்து, அதைப் பெற்றவர்களிடமும் கேட்டார்கள். 2018-ல் வெளியான முடிவு இது: பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் அதிகமாகவே பயந்தார்கள்; பெறுபவர் அடையும் மகிழ்ச்சியையோ குறைத்து எடைபோட்டார்கள். வார்த்தை சரியாக வருமா என்பது எழுதியவர்களின் கவலை. பெற்றவர்கள் மனதில் நின்றது அதிலிருந்த அன்பு.

அதனால் வெறும் "தேங்க்ஸ்" என்று நிறுத்தாமல், எதற்கு நன்றி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாளை என்று நான் பெயர் சொன்னபோதுதான் அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.