பழைய தமிழ் எண்களையும் மாற்றித் தரும் கமாண்ட் லைன் கருவி எழுதுவது எப்படி?

கேள்வி: கல்லூரியில் பைத்தான் படிக்கிறேன். டெர்மினலில் ஓடும் எண் மாற்றி ஒன்று எழுதியிருக்கிறேன். பைனரி, ஆக்டல், டெசிமல், ஹெக்ஸ் நான்குக்கும் இடையே மாற்றும். ரோமன் எண்களையும், வீட்டில் இருக்கும் பழைய பத்திரங்களில் வருகிற தமிழ் எண்களையும் சேர்க்க ஆசை. ௨௩ கொடுத்தால் 23 என்று சரியாக வருகிறது. ௨௰௩ கொடுத்தால் பிழை காட்டுகிறது. ஏற்கெனவே 12 ஃபங்ஷன் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை எழுத வேண்டும்?

பதில்: முதலில் அந்த 12 ஃபங்ஷனையும் எடுத்துவிடுங்கள். பைனரியிலிருந்து ஹெக்ஸ், ஹெக்ஸிலிருந்து ஆக்டல் என்று ஜோடி ஜோடியாக எழுதினால் ஆறு முறைகளுக்கு 30 ஃபங்ஷன் தேவைப்படும். ஒவ்வொரு முறைக்கும் படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று இருந்தால் போதும். படிக்கும் ஃபங்ஷன் எழுத்துகளை வாங்கி முழு எண்ணாகத் தரும். எழுதும் ஃபங்ஷன் முழு எண்ணை வாங்கி எழுத்துகளாகத் தரும். ஆறு முறைக்கும் சேர்த்து மொத்தம் 12. நாளைக்கு ஏழாவதாக ஒன்று வந்தாலும் இரண்டுதான் கூடும்.

பைனரி, ஆக்டல், ஹெக்ஸ் மூன்றையும் படிக்க பைத்தானின் இன்ட் ஃபங்ஷனே போதும். 2 முதல் 36 வரை எந்த அடிமானத்தையும் (பைனரிக்கு 2, ஆக்டலுக்கு 8, ஹெக்ஸுக்கு 16) கொடுக்கலாம். எழுதுவதற்கு, அடிமானத்தால் வகுத்துக்கொண்டே போய் மீதிகளைத் தலைகீழாக அடுக்க வேண்டும். 1825-ஐ 8-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 1, 4, 4, 3; ஆக்டலில் 3441. உள்ளே வருவது 0 என்றால் லூப் ஓடாமலே வெற்றுச் சரம் திரும்பும். அதைத் தனியாகக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் ௨௰௩. ௦ முதல் ௯ வரையுள்ள குறிகளை, எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் தரமான யுனிகோடு பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தியிருக்கிறது. அதனால்தான் இன்ட் ஃபங்ஷன் ௨௩-ஐ எதுவும் சொல்லாமல் 23 என்று படித்தது. ௰, ௱, ௲ மூன்றும் அந்த வகையில் இல்லை. அவை பத்து, நூறு, ஆயிரம் என்ற மதிப்பைக் காட்டும் குறிகள், இலக்கங்கள் அல்ல. பழைய முறையில் இடமதிப்பும் கிடையாது, சுழியமும் தேவையில்லை. ஒரு இலக்கம், அதையடுத்து அதன் அலகு என்று போகும்; ௨௰௩ என்றால் இரண்டு பத்து, மூன்று, அதாவது 23. ஆகவே இதற்கு அடிமானத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, தனியாகத்தான் படிக்க வேண்டும்.

மூன்று மாறிகள் போதும்: மொத்தம், பகுதி, கையில் உள்ள இலக்கம். ௪௰௫௲௬௱௭௰௮ என்பதை எடுத்துக்கொள்வோம். ௪ கையில் இருக்கிறது; ௰ வந்ததும் பகுதி 40, கை காலி. அடுத்து ௫ கைக்கு வருகிறது. ௲ வந்ததும் பகுதியையும் கையில் உள்ளதையும் கூட்டி ஆயிரத்தால் பெருக்குகிறோம். மொத்தம் 45,000, பகுதியும் கையும் காலி. அப்புறம் ௬௱ 600, ௭௰ 70, பகுதி 670. கடைசி ௮ கையிலேயே நிற்கிறது. மூன்றையும் கூட்டினால் 45,678. அலகுக்கு முன்னால் எதுவும் இல்லாவிட்டால் ஒன்று என்று கொள்ளுங்கள். ௱௰ என்றால் 110.

எது பழைய முறை, எது ௨௩ போல இடமதிப்பில் எழுதும் புதிய முறை என்பதை ௰, ௱, ௲ ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

தப்பான உள்ளீட்டைப் பிடிக்கப் பலரும் விதி மேல் விதியாக எழுதுவார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது: படித்துக் கிடைத்த எண்ணைத் திரும்ப எழுதிப் பாருங்கள். உள்ளீட்டோடு ஒத்துப்போகவில்லையென்றால் எங்கோ கோளாறு. ௧௨௰ என்று கொடுத்தால் 20 என்று படிக்கும், ௨௰ என்று எழுதும், மாட்டிக்கொள்ளும். ௰௱ 110 ஆகி ௱௰ என்று வரும், அதுவும் மாட்டும். ரோமன் எண்ணுக்கும் இதே சோதனை பொருந்தும். ஆனால் இந்த இரண்டு முறைக்கும் இதை எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ௧௰ என்று எழுதியவரும் இருக்கலாம். கடிகார முகப்புகளில் ரோமன் நான்கை நான்கு கோடுகளாகப் போடும் வழக்கமும் உண்டு. விடையைக் காட்டுங்கள், கூடவே ஒரு வரி எச்சரிக்கையும். அந்த எச்சரிக்கை பிழைச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும், விடை மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வரட்டும். இல்லையென்றால் பைப் போட்டு அடுத்த கட்டளைக்கு அனுப்பும்போது எச்சரிக்கை வரியும் எண்ணோடு போய்ச் சேரும்.

பத்திரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். ௧-க்குப் பதில் க, ௨-க்குப் பதில் உ, ௭-க்கு எ, ௮-க்கு அ என்று எழுத்தையே போட்டுவிடுவோம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு. ‘தவறான உள்ளீடு’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ‘மூன்றாவது இடத்தில் இருப்பது க என்ற எழுத்து, ௧ என்ற எண்ணா?’ என்று கேட்கட்டும். பயன்படுத்துகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

முதல் பதிப்பை 1 முதல் 99,999 வரை நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தனை எண்களையும் பழைய முறையில் எழுதி, திரும்பப் படித்து, அதே எண் வருகிறதா என்று ஒரு லூப்பில் சோதித்துவிடலாம். நேரம் ஒன்றும் பிடிக்காது. ரோமன் எண்ணை 3,999-இல் நிறுத்துங்கள்.

விண்டோஸில் திரையில் சரியாகத் தெரியும் தமிழ், கோப்புக்குத் திருப்பிவிட்டதும் என்கோடிங் பிழை தரலாம். நிரலின் தொடக்கத்திலேயே வெளியீட்டை யுடிஎஃப்-8 என்று அமைத்துவிடுங்கள்.

பத்திரம் என்றால் நிலத்தின் அளவும் வரும், அதில் மா, காணி, முந்திரி என்ற பின்னங்கள் வரலாம். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றுக்கான குறிகள் 2019-இல் வந்த யுனிகோடு 12-இல்தான் சேர்ந்தன. எல்லா எழுத்துருவிலும் இருக்காது. அவற்றைச் சேர்க்கும் நாள் வந்தால், நடுவில் இருக்கும் முழு எண்ணின் இடத்தில் பைத்தானின் ஃபிராக்‌ஷன் வகையை வையுங்கள். ஃப்ளோட் (தசம எண்களுக்கான வகை) வேண்டாம்: 1/20, 1/80, 1/320 மூன்றுமே அதில் துல்லியமாக நிற்காது.